வெத்தலையில குடுத்த நோட்டீசு

எங்க தோட்டத்துல இங்கிலீஷ் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. தொரை ஒருத்தரு, ஆபீசுல கணக்கெழுதற கிராணி ஒருத்தரு. ஆனா நோட்டீசுங்கற வார்த்தை மட்டும் பிள்ளைங்களை விட்டுட்டுப் போற ஆயாக்கொட்டாயில தவழற பிள்ளைக்கும் தெரியும். தமிழ்ல அதுக்கு என்ன பேருன்னு என்னைக் கேட்டா, சத்தியமா எனக்குத் தெரியாது. அறிவிப்புன்னு என் மக சொல்றா. அறிவிப்பாவது கிறிவிப்பாவது! நாங்க கேட்டு நடுங்கினது நோட்டீசுக்குத்தான்.

எழுத்து நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வந்தப்பறம், மக பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சப்ப அவகூட உக்காந்து கத்துக்கிட்டது. அதனால எனக்குப் பேசற மாதிரிதான் எழுத வரும். பிடிக்கலைன்னா மூடி வச்சிடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்.

கிள்ளான்ல இறங்கி மாட்டு வண்டியில அரை நாள் போனா எங்க ரப்பர் தோட்டம். காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாரும் வரிசையா நின்னு பேர் குடுக்கணும். அதுக்குப் பெரட்டுன்னு சொல்லுவோம். பெரட்டுக் களத்துல ஒரு கொட்டாய், கொட்டாய்த் தூண்ல ஒரு பலகை. ஆபீசுலேருந்து காகிதம் வந்தா அதுல ஒட்டுவாங்க. ஒட்டி என்ன, படிக்க யாரு? கிராணிதான் மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் படிச்சுச் சொல்லணும். தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிக்கணும்னு ஒரு நோட்டீசு வந்துச்சு, ஒருத்தர் காதுலயும் ஏறலை. நாளைக்குக் கள்ளுக்கடை அடைப்புன்னு ஒண்ணு வந்துச்சு பாருங்க, அவரு வாயை மூடறதுக்குள்ள நாங்க குடியிருந்த லயத்து வரிசையில கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்திருச்சு.

தீபாவளிக்குத் துணி எடுக்கக் கிள்ளான் போனா அங்க வேற நோட்டீசு. ரோஸ் கலர் காகிதம். நாடகக்காரங்க வண்டியில மேளம் அடிச்சுக்கிட்டு வாரி வாரி வீசுவாங்க. நாங்க விழுந்தடிச்சுப் பொறுக்குவோம். படிக்கவா? அடுப்படிச் சுவத்துல ஒட்டத்தான், கரி படியாம இருக்கும்ல. சண்டையிலயும் நோட்டீசு வரும். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள், குடிச்சிட்டு வந்து விழுந்து கிடந்த புருசனைப் பாத்து, "யோவ், இன்னையிலேருந்து உனக்கு நோட்டீசு. ஒரு மாசம் டயம் தரேன், வேற பொண்டாட்டி பாத்துக்க!"ன்னு லயமே அதிரக் கத்துச்சு. அந்த மனுசன் மறுநாள் தெளிஞ்சு எந்திரிச்சதும், இன்னும் எத்தனை நாள் மிச்சம் இருக்குன்னு கேட்டாராம். இதைச் சொல்லிச் சொல்லி நாங்க ரப்பர் பால் வெட்டற இடத்துல சிரிச்ச சிரிப்பு இருக்கே!

இதெல்லாம் வேடிக்கை. நிஜமாவே பயப்பட வச்ச நோட்டீசு ஒண்ணு இருந்துச்சு, அதுக்குக் காகிதமே கிடையாது. தோட்டத்தை விட்டுப் போகணும்னா ஒரு மாசத்துக்கு முன்னாடியே சொல்லணும். பெரட்டுல, எல்லார் முன்னாடியும், தலைத்துண்டை அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு, தொரை எதிர்ல போய் நின்னு, "தொரை, நோட்டீசு"ன்னு வாயால சொல்லணும். அவரு கிராணியைப் பாத்துத் தலையாட்டணும். கிராணி குறிச்சுக்குவாரு. அதுக்கப்பறம் ஒரு மாசம் வேலை பாத்தா, போகலாம்னு ஒரு சீட்டு குடுப்பாங்க. சொல்லாம கொள்ளாம ஓடினா வாரண்டு வரும், போலீசு பிடிக்கும்னு பயமுறுத்தி வச்சிருந்தாங்க.

நான் அந்த நோட்டீசு குடுக்கச் சொல்லி என் வீட்டுக்காரரை விரட்டினது எதுக்குன்னா, என் வயித்துல இருந்த பிள்ளைக்காக.

மூத்தவன் அந்தத் தோட்டத்துலதான் பிறந்தான். தவழ்ந்து, சுவத்தைப் பிடிச்சு எந்திரிச்சு நிக்கவும் ஆரம்பிச்சிருந்தான். மழைக்காலத்துல குளிர்காய்ச்சல் வந்துச்சு. எங்க லயத்துல அந்த வருசம் காய்ச்சல் நுழையாத வீடு கிடையாது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் குடுத்த கசப்பு மருந்தைத் துப்பித் துப்பி, என் மடியிலேயே அடங்கிட்டான். எங்களை மேய்ச்சு வேலை வாங்கற கங்காணிதான் அவனைத் துணியில சுத்தி ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டுப் போனாரு. என் வீட்டுக்காரரு மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி போனாரு. மேட்டுக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் ஓரம் வச்சாங்களாம். பொம்பளைங்க வரக்கூடாதுன்னு என்னை வாசல்லயே பிடிச்சு உக்கார வச்சிட்டாங்க. அதுக்கப்பறம் அந்தப் பக்கம் நான் போனதில்லை. நான் பால் வெட்டற மரங்கள் அந்தத் திசையில வந்தப்பகூட வேற மர நிரை கேட்டு மாத்திக்கிட்டேன்.

ரெண்டாவது தங்கினதும் எனக்கு வேற நினைப்பே இல்லை. இந்தத் தண்ணியைக் குடிச்சு, இந்தக் கொசுக்கடியில இன்னொண்ணைப் பெத்து, இன்னொரு வாட்டி வாசல்ல உக்காரவா? செத்தாலும் மாட்டேன். என் கூடப்பிறந்த அக்கா பிரிக்பீல்ட்ஸ்ல இருந்துச்சு. அக்கா வீட்டுக்காரரு ரயில்வேயில தண்டவாள வேலை. குழாயைத் திறந்தா தண்ணி கொட்டுதாம், கூப்பிடு தூரத்துல மருத்துவச்சியாம், இவருக்கும் ரயில்வேயில வேலை சொல்லி வச்சாச்சாம். நோட்டீசு குடுக்கறது ஒண்ணுதான் பாக்கி.

என் வீட்டுக்காரரு தங்கமான மனுசன். ஆனா வாய் மட்டும் வாடகைக்கு வாங்கினது மாதிரி, அவ்வளவு சிக்கனமாத் திறப்பாரு. கல்யாணமான புதுசுல, இவருக்குப் பேச்சு வருமான்னே எனக்குச் சந்தேகம். ஏழாம் மாசம் நடக்குதுங்க எனக்கு. காலையில பெரட்டுக்குக் கிளம்பும்போதே, "இந்தாங்க, இன்னிக்குச் சொல்லிருங்க"ன்னு சொல்லி அனுப்புவேன். சாயங்காலம், "சொல்லிட்டீங்களா?"ன்னா, "தொரை கோவமா இருந்தாரு"ம்பாரு. மறுநாள் கேட்டா, "மழை வந்திருச்சு"ம்பாரு. இன்னொரு நாள், "தொரையோட நாய்க்கு உடம்பு சரியில்லையாம்"னாரு.

"நாய்க்குத்தானே சரியில்லை? நோட்டீசை நாய்கிட்டயா குடுக்கப் போறீங்க?"ன்னு கத்தினேன். சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வெள்ளைக்காரன் முகத்தைப் பாத்தா இப்படியா ஒரு ஆம்பளைக்குத் தொடை நடுங்கும்? ஒரு வழி யோசிச்சேன். கங்காணி எங்க ஊர்ப்பக்கத்து ஆளு. எங்களைக் கப்பல் ஏத்திக் கூட்டிட்டு வந்து வேலையில சேர்த்து விட்டவரே அவருதான். அவருகிட்டச் சொல்லாம எந்தக் குடும்பமும் கிளம்பாது. அது நோட்டீசுக்கெல்லாம் முந்தின முறை. "தொரைகிட்டச் சொல்ல வாய் வரலைன்னா கங்காணியார்கிட்டயாவது முறையாச் சொல்லுங்க. மத்ததை அவரு பாத்துக்குவாரு"ன்னேன். அதுக்கு மட்டும் உடனே சரின்னாரு.

பக்கத்து வீட்டு அக்காகிட்டப் பித்தளைத் தட்டு இரவல் வாங்கி, வெத்தலை, பாக்கு, ரெண்டு வாழைப்பழம், ஒரு தேங்கா வச்சு அனுப்பினேன். தண்ணித் தொட்டிக்கிட்ட நின்னு என் கண்ணாலயே பாத்தேன். இவரு தட்டை நீட்டினாரு, ஏதோ சொன்னாரு. கங்காணி ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு. ஒரு வெத்தலையை எடுத்துத் தொடையில துடைச்சு, சுண்ணாம்பு தடவி, மடிச்சு வாயில போட்டுக்கிட்டு, "சரிப்பா, எங்க இருந்தாலும் நல்லா இருங்க"ன்னாரு. அது எனக்குக் கேட்டுச்சு.

அவ்வளவுதான், முடிஞ்சு போச்சுன்னு நினைச்சேன். எங்க ஆளுங்களுக்கு வெத்தலை மாத்தினா அதுக்கு மேல என்ன வேணும்? ஒரு பொண்ணோட வாழ்க்கையையே ரெண்டு வெத்தலையை வச்சு முடிச்சிடறோம். யாராவது காகிதம் கேக்கறோமா, கையெழுத்துக் கேக்கறோமா? வெத்தலை வாங்கின கை வார்த்தை மாறாது. நான் அன்னிக்குத்தான் பல மாசம் கழிச்சு நிம்மதியாத் தூங்கினேன்.

அந்த மாசம் பூரா நான் தரையிலயே நடக்கலை. கோழிகளை அக்கம்பக்கத்துக்குக் குடுத்துட்டேன். அம்மிக்கல்லைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குன்னு சொல்லிட்டேன். கிள்ளான்லேருந்து சைக்கிள்ல துணி கொண்டு வர்ற பாய் அண்ணன், கோலாலம்பூருக்கும் போய் வர்றவரு, அவருகிட்ட, "மாசம் முடிஞ்சதும் வந்திடறோம்னு என் அக்காகிட்டச் சொல்லிருங்க பாய்"னு சொல்லி விட்டேன். "சரி தங்கச்சி, பிள்ளைக்குச் சட்டைத்துணி அங்க வந்து தரேன்"னு சிரிச்சுக்கிட்டே போனாரு.

மாசம் முடிஞ்சுது. சீட்டு வாங்கறேன்னு ஆபீசுக்குப் போன மனுசன், போன வேகத்துல திரும்பி வந்து வாசப்படியில உக்காந்துட்டாரு.

"என்னங்க?"

"நோட்டீசு குடுக்கவே இல்லைன்றாரு கிராணி."

"வெத்தலை?"

"வெத்தலையெல்லாம் புஸ்தகத்துல ஏறாதாம்."

அப்படியே கங்காணி வீட்டுக்கு நடந்தேன். எட்டு மாச வயித்தைத் தூக்கிக்கிட்டு எப்படி அவ்வளவு வேகமா நடந்தேன்னு இன்னிக்கும் தெரியலை. "ஏன் கங்காணியாரே, வெத்தலையை வாங்கி மென்னீங்களே, அதை எங்க துப்பினீங்க?"ன்னுதான் ஆரம்பிச்சேன். அந்த மாதிரி அவருகிட்ட யாரும் பேசினது கிடையாது. அவரு சம்சாரம் உள்ளேருந்து எட்டிப் பாத்துச்சு.

அவரு கத்தலை. "வெத்தலை குடுத்தீங்க, வாங்கினேன். அது நமக்குள்ள இருக்கற முறை. ஆபீசுல சொல்றது வேற. தொரைகிட்ட நீங்க சொல்லிருங்கன்னு உன் புருசன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? அவனே சொல்லிக்குவான்னு இருந்தேன்"னாரு.

கேட்டானான்னு கேட்டா நான் என்ன சொல்ல? இவரு கேட்டிருக்க மாட்டாரு, அது எனக்குத் தெரியும். ஆனா கங்காணிக்கும் ஒரு கணக்கு இருந்துச்சு. பெரட்டுல நிக்கற ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு உண்டு. எங்க ரெண்டு தலை குறையறதுல அவருக்கு என்ன அவசரம்? "நீங்க வாயைத் திறந்திருந்தா என் பிள்ளை பிழைச்சிருக்கும் ஐயா"ன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். எந்தப் பிள்ளையைச் சொன்னேனோ, எனக்கே தெரியலை. அழுகை வந்திருச்சு.

மறுநாள் பெரட்டு. பொம்பளைங்க வரிசை பின்னாடி. நான் வரிசையை விட்டு முன்னாடி வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா என் முந்தானையைப் பிடிச்சு இழுத்துச்சு, உதறிட்டேன். தொரை நல்லாத் தமிழ் பேசுவாரு, ஆனா சின்னவன் பெரியவன்னு பாக்காம எல்லாரையும் நீ வா போ தான்.

"என்னா?"

"தொரை, நோட்டீசு."

"உன் புருசன் எங்கே?"

"அங்க நிக்கறாரு. நோட்டீசை நான் சொல்றேன்."

யாரோ பின்னாடி களுக்குன்னு சிரிச்சாங்க. தொரை என் வயித்தைப் பாத்தாரு, கிராணியைப் பாத்தாரு. "சரி. இன்னியிலேருந்து ஒரு மாசம்."

"ஒரு மாசம் நான் நிப்பேன் தொரை. இது நிக்குமா?" வயித்துல கையை வச்சுக்கிட்டேன். "போன மழைக்கு ஒண்ணை இந்த மண்ணுல வச்சாச்சு. இன்னொண்ணை வைக்க நான் மாட்டேன். சீட்டுக் குடுக்கலைன்னாலும் போவேன். பிடிக்கறவங்க பிடிச்சுக்கட்டும்."

இப்ப யாரும் சிரிக்கலை. தொரை முகம் சிவந்து போச்சு. சட்டம் சட்டம்னு என்னவோ சொன்னாரு. வாய்தான் எனக்குப் பெரிசு, தைரியம் அவ்வளவு கிடையாது. அப்பத்தான் ஆம்பளைங்க வரிசைக்கு முன்னாடி நின்ன கங்காணி, தலைப்பாகையை அவுத்தாரு. அவரு பெரட்டுல தலைப்பாகை அவுத்து நான் பாத்ததே இல்லை.

"தொரை, இவங்க போன மாசமே எங்கிட்டச் சொல்லிட்டாங்க. வெத்தலை வச்சுச் சொன்னாங்க, நானும் வாங்கிக்கிட்டேன். உங்ககிட்டச் சொல்லாதது நான்தான்."

தொரை அவரைத் திட்டின திட்டை இங்க எழுத முடியாது. பேரப்பிள்ளை எடுத்த மனுசன், அத்தனை பேர் முன்னாடி தலைப்பாகையைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தலைகுனிஞ்சு நின்னாரு. எனக்கே பாவமா இருந்துச்சு. கடைசியில, போன மாசத்துலேயே சொன்னதா எழுதிக்கன்னு கிராணிக்கு உத்தரவு போட்டுட்டுத் தொரை போயிட்டாரு. கலைஞ்சு போகும்போது கங்காணி என் பக்கமா வந்தாரு. "போயிட்டு வாம்மா. ஒண்ணைத் தூக்கிட்டுப் போன கை இது, அதுவே போதும்"னாரு. அவரு கையைப் பாத்தேன். கோவம் எங்க போச்சுன்னே தெரியலை.

அதே வாரம் பிரிக்பீல்ட்ஸ் வந்துட்டோம். அக்கா வீட்டுப் பின்கட்டுல ஒரே ஒரு ரூம், ரயில் போனா பாத்திரம் எல்லாம் பேசும். அங்கதான் என் மக பிறந்தா, கறுகறுன்னு, தொண்டையைத் திறந்தா என்ஜினுக்கே சவால். ஒரு காய்ச்சல்கூடப் பெரிசா வரலை. பாய் அண்ணன் சொன்ன மாதிரியே சட்டைத்துணி கொண்டாந்தாரு. பிரிக்பீல்ட்ஸ்லயும் நோட்டீசுக்குப் பஞ்சமா? கோயில் திருவிழா நோட்டீசு, சங்கத்துக் கூட்ட நோட்டீசு, வீட்டைக் காலி பண்ணுங்கற நோட்டீசு, கோர்ட்டு நோட்டீசு. பள்ளிக்கூடத்துலேருந்து வந்த ஒரு நோட்டீசுதான் நான் எழுத்துக் கூட்டித் தனியாப் படிச்ச முதல் காகிதம். பேன் பாத்து அனுப்புங்கன்னு போட்டிருந்துச்சு. போங்கடா நீங்களும் உங்க நோட்டீசும்னு வந்துச்சு எனக்கு.

தோட்டத்துலேருந்து கிளம்பின காலையில நடந்ததை இன்னும் சொல்லலை.

வண்டி வந்து லயத்து முன்னாடி நின்னுச்சு. பெட்டி, பாய், சட்டி, பானை எல்லாம் ஏத்தியாச்சு. சீட்டு என் இடுப்புல பத்திரமா இருக்கு. இவரைக் காணோம். வண்டிக்காரன், வெயிலுக்கு முன்னாடி போகணும், மாடு நிக்காதுன்னு தொணதொணங்கறான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். கடைசி நேரத்துலயும் இந்த மனுசன் பதுங்கிட்டாரே, என்ன ஜென்மம்னு திட்டிக்கிட்டே ஒவ்வொரு இடமாத் தேடினேன். கிணத்தடியில இல்லை, கடைவாசல்ல இல்லை. மேட்டுப் பக்கம் போறதைப் பாத்தேன்னு ஒரு கிழவரு கையைக் காட்டினாரு.

மேட்டுல ஏறிட்டேன். ஏறினப்பறம்தான் எங்க வந்து நிக்கறோம்னு உறைச்சுது. கீழ வாய்க்கால் ஓரம் இவரு குந்தி உக்காந்திருந்தாரு. தலைத்துண்டை அவுத்துக் கக்கத்துல வச்சிருந்தாரு. எதிர்ல புல்லு மண்டின ஒரு சின்ன மேடு. எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் பேசிக்கிட்டிருந்தாரு. இந்த மனுசன் அப்படி விடாம பேசி, அதுக்கு முன்னாடியும் நான் கேட்டதில்லை, அப்பறமும் கேட்டதில்லை.

"...தம்பி, கிளம்பறோம்டா. ஒரு மாசத்துக்கு முன்னாடியே உங்கிட்டச் சொல்லியிருக்கணும். தொரைகிட்டச் சொல்லிட்டா போயிடணுமேன்னு, தினமும் போய் நின்னு சொல்லாமயே வந்துட்டேன். தங்கச்சியோ தம்பியோ வரப்போகுது, அம்மா பயப்படுறா. உன்னைத் தனியா விட்டுட்டுப் போறேன்னு நினைக்காதடா ராசா. கோவிச்சுக்காத..."

வண்டிக்காரன் கத்தறது அங்க வரைக்கும் கேட்டுச்சு. நான் இவரைக் கூப்பிடலை. மேட்டுலயே நின்னேன், அவரு சொல்லி முடிக்கற வரைக்கும்.